கட்டற்ற மென்பொருள் பயிலும் தம்பிக்கு

ஸ்ரீரங்கம்.



உன் கடிதம் கிடைத்தது. பொறியியல் படிப்பின் சிரமங்களுக்கிடையிலும் லினக்ஸில் உனக்கு ஏற்பட்டிருக்கும் பற்றும், விடுதி நண்பர்களின் பழைய மடிக்கணினிகளில் உபுண்டுவும் டெபியனும் நிறுவிக் கொடுத்து, வைஃபை இயங்க மறுத்தால் அதற்குரிய டிரைவரைத் தேடி நள்ளிரவு வரை விழித்திருக்கும் உற்சாகமும் எனக்கு மிகுந்த சந்தோஷத்தை அளித்தன. உலகம் போற்றும்படியான மென்பொருள் ஒன்றை எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு இப்போது விடை சொல்ல நான் உத்தேசிக்கவில்லை. ஒரு மென்பொருளின் தமிழ் இடைமுகத்தில் பொருள் மாறிய சொல்லொன்றைக் கண்டு, உன் கணினியில் மட்டும் அதைத் திருத்திக்கொண்டதாக, ஒரு பொருட்டாக எண்ணாமல் எழுதிவிட்டுப் போயிருக்கிறாயே, அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். திருத்தியது நல்ல காரியம். அதை உன்னோடு நிறுத்திக்கொண்டது தகாது.

அடுத்த அப்டேட் வந்ததும் உன் திருத்தம் அழிந்துபோகும் என்பது ஒருபுறமிருக்க, முசிறியிலோ துறையூரிலோ அதே திரையின் முன் அமர்ந்திருக்கும் ஒரு பள்ளி மாணவி அதே பிழையைப் பார்த்து, தவறு தன்மேல்தான் என்று எண்ணிக் கணினியை மூடிவைத்துவிடக் கூடும். அவளுக்கும் போய்ச் சேர வேண்டிய திருத்தம் அது.

நம் ஊர்ச் சம்பிரதாயத்திலேயே இதற்கொரு திருஷ்டாந்தம் உண்டு. திருவாய்மொழிக்குத் தாம் இயற்றிய ஒன்பதினாயிரப்படி வியாக்கியானத்தை நன்றாகப் பிரதி செய்து தரும்படி வைணவ ஆசாரியர் நஞ்சீயர், வரதராஜர் என்ற சீடரிடம் ஒப்படைத்தார் என்றும், அவர் ஏடுகளைத் தலையில் கட்டிக்கொண்டு காவிரியை நீந்திக் கடக்கையில் அலை மோதி அவை வெள்ளத்தோடு போய்விட்டன என்றும், ஆசிரியரிடம் கேட்டிருந்ததைக் கொண்டு நினைவிலிருந்தே முழுவதையும் எழுதி முடித்த அவர், தமக்குத் தோன்றிய விசேஷ அர்த்தங்கள் சிலவற்றையும் ஆங்காங்கே சேர்த்தார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. தாம் எழுதாதவை இருக்கக் கண்டு நஞ்சீயர் விசாரித்தபோது, சீடர் நடந்ததை உள்ளபடியே விண்ணப்பித்தார். ஆசிரியரோ தம் நூலில் வேறொரு கை பட்டதே என்று சினவாமல், சேர்ந்தவை தம் கருத்தை மேலும் விளக்குவது கண்டு அவரைத் தழுவிக்கொண்டு, நம்பிள்ளை என்ற திருநாமத்தையும் அளித்தார். அந்த நம்பிள்ளையின் உபந்யாசங்களே பிற்பாடு ஈடு முப்பத்தாறாயிரப்படியாக ஏட்டில் ஏறின. இவ்வரலாற்றில் நான் பெரிதாக மதிப்பது சீடரின் ஞாபகசக்தியை அன்று. பிரதியைத் திரும்பக் கொண்டுவந்து ஆசிரியர் கையில் கொடுத்ததையும், சேர்த்தது இன்னதென்று ஒளிக்காமல் சொன்னதையும், அவர் அதை ஏற்றுக்கொண்ட பெருந்தன்மையையுமே.

நீ பயிலும் லினக்ஸிலும் இதே ஒழுங்கைக் காணலாம். ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் அறிவித்த லினக்ஸ் கெர்னல், மறு ஆண்டில் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வந்தது. 1991 ஜூனில் வெளியான அவ்வுரிமத்தின் இரண்டாம் பதிப்பு, மாற்றுவதற்குச் சுதந்திரம் கொடுத்த கையோடு, பிறருக்கு வழங்கும் பிரதியில் மாற்றப்பட்ட கோப்பு எது, மாற்றிய தேதி எது என்பது தெளிவாகத் தெரியும்படி குறிக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. 2004-இலிருந்து கெர்னலுக்கு அனுப்பப்படும் பேட்ச் எனும் திருத்தத்தின் விளக்கக் குறிப்பின் அடியில், இதைக் கொடுக்க எனக்கு உரிமையுண்டு என்று அனுப்புபவர் தம் பெயரிட்டுச் சான்றளிக்கும் ஒரு வரியும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. தன் உபயோகத்துக்காக மட்டும் மாற்றிக்கொள்பவனை உரிமம் எதுவும் கேட்பதில்லை என்பது மெய்தான். ஆனால் எல்லோரும் அப்படியே இருந்திருந்தால் இன்று நீ நிறுவிக் கொடுக்க எதுவும் இருந்திராது.

கண்ட பிழையை உரியவரிடம் கொண்டுசேர்ப்பதற்கு முதற்படி வழு அறிக்கை; அதை எழுதுவதும் ஓர் அப்யாசம். அதே வழுவை வேறொருவர் முன்பே தெரிவித்திருக்கிறாரா என்று முதலில் தேடு. எந்த வழங்கல் (டிஸ்ட்ரோ), எந்தப் பதிப்பு, நீ என்ன செய்தாய், என்ன நேர்ந்தது என்பவற்றை வரிசையாகச் சொல். டெர்மினலில் வந்த செய்தியைக் கைப்பேசியில் படமெடுத்து ஒட்டாமல், எழுத்தாகவே முழுவதும் கொடு. வாரக்கணக்கில் பதில் வராமலும் இருக்கலாம். பராமரிப்பவர்களுள் பலர் பகலெல்லாம் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு, இரவில் இந்தக் கைங்கர்யத்துக்கு வருபவர்கள். மரியாதையாக ஒருமுறை ஞாபகப்படுத்து, மறுத்துவிட்டால் காரணம் கேள். எந்த டிஸ்ட்ரோ உயர்ந்தது என்ற வாக்குவாதத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கழிப்பதைவிட ஓர் அறிக்கையைச் செவ்வையாக எழுதுவது எவ்வளவோ மேல் என்பது என் திடமான அபிப்பிராயம்.

உன்னிடம் நான் வேண்டிக்கொள்வது இன்னும் ஒன்று உண்டு. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸுடன் சேர்ந்தே அவற்றில் வந்தது. ஆயினும் சந்தேகம் வந்தால் தமிழில் கேட்பதற்கு அருகில் ஓர் ஆள் இல்லாமையால், பலர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா கணினி விஷயங்களைத் தமிழிலேயே சுவைபடச் சொல்லிக் காட்டினார். 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கி வருகிறது. வழு அறிக்கைகளோ இன்னும் ஆங்கிலத்திலேயே போகவேண்டியிருக்கின்றன; தமிழ்வழியில் படித்துவிட்டு உன் கல்லூரிக்கு வரும் முதலாண்டு மாணவர்கள், வழுவைக் கண்டாலும் எழுத அஞ்சி வாளாவிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரையேனும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, கண்டதைத் தமிழில் எழுதச் சொல்லி, நீ அதை ஆங்கிலமாக்கி, அவர் பெயரிலேயே அனுப்பு.