களிற்றின் விரை

தமிழ் பயிலும் நாம் விலங்கின் விரையைப்பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். வேறு சிலர் நாணுதலும் கூடும். ஆயின் நம் மொழி நாணிற்றில்லை. உழவன் நிலத்தில் இடுவதும் விதை. ஆண் விலங்கின் உடலில் வழிவழி வரும் உயிர்க்கு முதலாய் நிற்பதும் விதை. விரை என்னுஞ் சொல்லும் இவ்விரு பொருளையும் தரும். இப்பெயர் எத்துணைப் பொருத்தமுடையது என்பது அவ்வுறுப்பின் அமைப்பை அறிந்தார்க்கு விளங்கும்.

விரையினுள்ளே நூலினும் நுண்ணிய குழல்கள் சுருண்டு அடங்கிக் கிடக்கின்றன. அவற்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்திலொரு கூறு. குழலின் சுவரை ஒட்டியுள்ள முதலணுக்கள் பலகாற் பிரிந்து பெருகி, இறுதியில் தம் குரோமோசோம்களைப் பாதியாக்கிக்கொண்டு, வால் முளைத்து விந்தணுக்கள் ஆகின்றன. யானையின் உடலணுவில் குரோமோசோம்கள் 56. அதன் விந்தணுவில் 28. வளரும் அணுக்களைத் தாய்போல் அணைத்து ஊட்டுவன, 1865-ஆம் ஆண்டில் செர்ட்டோலி என்னும் இத்தாலிய அறிஞர் விளக்கிய உயிரணுக்கள். குழல்களுக்கு இடையே உள்ளவை 1850-இல் ஜெர்மானியராகிய லேடிக் கண்டவை. ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பவை இவையே.

இத்தொழில் செவ்வனே நடைபெறக் குளிர்ச்சி வேண்டும் என்பது பொதுவிதி. புலி, மான், காட்டெருது முதலியவற்றில் விரைகள் வயிற்றுக்கு வெளியே ஒரு தோற்பையில் உள்ளன. அங்கே வெப்பம் உடலின் உள்வெப்பத்தினும் சில பாகை குறைவு. விரைக்குச் செல்லும் தமனியைச் சூழ்ந்து பின்னிக்கிடக்கும் சிரைகள், உட்புகும் குருதியின் சூட்டை வாங்கிக்கொள்கின்றன. குளிர் மிக்கபொழுது தசை சுருங்கி விரையை உடலோடு அணைக்கும். வெம்மையில் தளர்ந்து இறக்கும். இத்தகைய விலங்கில் விரைகள் இறங்காமல் வயிற்றினுள்ளே தங்கிவிடின், அது மலடாகும்.

அற்றேல், யானையினம் எங்ஙனம் பெருகுகின்றது? களிற்றுக்கு விரைப்பை இல்லை. அதன் விரைகள் இரண்டும் சிறுநீரகங்களை அடுத்து, ஏறத்தாழ 36 பாகை உள்வெப்பத்தில், வாழ்நாள் முழுதும் வயிற்றினுள்ளேயே இருக்கின்றன. ஓங்கிலுக்கும் விரை உள்ளேதான். ஆயின் அதன் முதுகுத் துடுப்பிலும் வாலிலும் கடல்நீராற் குளிர்ந்த குருதி விரையருகே பாய்ந்து அதன் சூட்டைத் தணிக்கத்தக்க அமைப்பு உண்டென்பதை 1992-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். களிற்றிடம் அவ்வமைப்பு இல்லை. மானுக்குள்ள சிரைப்பின்னலும் இல்லை.

யானைக்கு உறவாகிய கடற்பசு முதலிய சிலவற்றில், விரையை இறக்குதற்குரிய ஜீன்கள் சிதைந்து எச்சமாய்க் கிடத்தலை 2018-இல் கண்டனர். ஆகவே பண்டைப் பாலூட்டிகளில் விரை இறங்கியே இருந்ததென்றும், இவ்வினங்களில் அவ்வழக்கம் பின்னர் ஒழிந்ததென்றும் கொள்ளலாயிற்று. இனி, சூட்டினால் ஊறுபடத்தக்க மரபுப்பொருளை யானை காப்பது எவ்வாறு? மனிதர்க்கு ஒன்றேயாக உள்ள டிபி53 என்னும் காவல் ஜீன், யானைக்கு 20 படிகளாக உண்டு. புற்றுநோயைத் தடுப்பதற்காகப் பெருகியதென்று பலர் கருதிய இது, முதற்கண் விந்தணுவைக் காக்கவே பெருகியிருக்கலாம் என்று 2023-இல் ஓர் அறிஞர் உரைத்தார். அது கருதுகோளேயன்றி முடிந்த முடிபன்று.

பருவமுற்ற களிற்றில் டெஸ்டோஸ்டிரோன் பன்மடங்கு மிகுங்கால் கன்னத்தில் நீர் ஒழுகும். அதனைக் கடாம் என்றனர் பழந்தமிழர். மதமில்லா நாளிலும் களிறு கன்றுக்குத் தந்தையாதல் கூடும். ஆதலின் மதத்தையும் விந்தணு ஆக்கத்தையும் ஒன்றெனக் கருதலாகாது.

இங்ஙனம் உடலின் ஆழத்தில் காக்கப்பெற்ற விதைக்கும் ஒரு கேடு வெளியிலிருந்து வந்தது. ஆசிய யானையில் தந்தம் நீண்டு வளர்வது களிற்றுக்கே. அதுவும் எல்லாக் களிற்றுக்கும் அன்று. தந்தம் வேட்டோர் களிறுகளையே தேடிக் கொன்றனர். 1980-களின் இறுதியில், கேரளத்துப் பெரியாற்றுக் காட்டில் வளர்ந்த களிறு ஒன்றுக்குப் பிடிகள் நூற்றுக்கு மேல் என்னும் நிலை நேர்ந்தது. பிடிகள் பல இருந்தும் கன்றுகள் அருகின. விதைநெல்லைக் குற்றி உண்டவன் பின்னர் நிலத்தை நொந்து பயன் என்னை?