முன் பிரேக் கவிழ்த்துவிடுமா?

கேள்வி: என் மகள் சைக்கிள் பழகுகிறாள். "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுந்துடுவே" என்கிறார் என் மாமனார். தொடவே கூடாதென்றால் அதை எதற்கு வைத்திருக்கிறார்கள்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நல்ல கேள்வி, சகோதரி. பெரியவர் சொல்வதில் பாதி உண்மை. முன் பிரேக்கைப் பிடித்துக் குப்புற விழுபவர்கள் உண்டு. ஆனால் குற்றம் பிரேக்கின் மேல் இல்லை. திடுக்கிட்டு வெடுக்கென்று இறுக்கும் கையின் மேல்.

சைக்கிளை உருட்டியபடி முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பாருங்கள். வண்டி நின்றுவிடும், பின் சக்கரம் மேலே எழும்பும். பிறகு பின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். சக்கரம் சுற்றாது, ஆனாலும் டயர் தரையில் தேய்ந்துகொண்டே இழுபடும்.

காரணம், சுமைப் பெயர்ச்சி. அதாவது, பிரேக் பிடித்ததும் ஓட்டுபவரின் எடை முன் சக்கரத்தின் மேல் சாய்வது. தடுக்கும் விசை டயர் தரையைத் தொடும் இடத்தில். உடம்போ அதற்கு ஒரு மீட்டர் உயரத்தில். அதனால் கால் தடுக்கியவர்போல் எல்லாம் முன்னோக்கிச் சாய்கிறது. முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கிறது, பின் டயர் லேசாகிச் சறுக்குகிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த தார்ச்சாலையில், முன் பிரேக்கைச் சரியாகப் பிடித்தால் சுமார் 3 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டுமென்றால் சுமார் 6 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போகும் நேரத்தில் வண்டி ஓடும் தூரம் இதில் சேராது. குறுக்கே ஆடு பாயும்போது இந்த 3 மீட்டர் பெரிய விஷயம்.

ஆகவே இரண்டையும் சேர்த்தே பிடிக்கச் சொல்லுங்கள். முன் பிரேக்கை (நம் ஊர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கைப் பக்கம்) படிப்படியாக அழுத்த வேண்டும். முழங்கையை உறுதியாக வைத்து, இடுப்பைச் சீட்டின் பின்பக்கம் தள்ளி உட்கார்ந்தால் குப்புற விழும் பயம் பெரிதும் குறையும்.

பெரியவரின் எச்சரிக்கை மணலிலும் ஈரத்திலும் வளைவிலும் பொருந்தும். அங்கே முன் சக்கரம் சறுக்கினால் சுதாரிக்க நேரம் இருக்காது. முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பதுதான் வழி. மழையில் ரிம்மில் படிந்த தண்ணீரை பிரேக் ரப்பர் முதலில் துடைக்க வேண்டும், பிடிப்பு அதற்குப் பிறகுதான். இரும்பு ரிம் என்றால் இன்னும் மோசம்.

உங்கள் மகளின் விரல் பிரேக் பிடிக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள். எட்டாவிட்டால் கடையில் கொடுத்துச் சரிசெய்த பிறகே சாலைக்கு அனுப்புங்கள்.