பெட்டிக்கு முன் மீட்டர்

ராசிபுரம்



ரேடியோ பழுதுபார்ப்பவருக்கு அடியோடு நின்றுபோன மீட்டரால் பெரிய கேடில்லை. தவறான அளவைக் காட்டிக்கொண்டே ஓடும் மீட்டர்தான், நல்ல டிரான்சிஸ்டரைக் கழற்ற வைத்து, வாடிக்கையாளரின் காசையும் தொழிலாளியின் பெயரையும் சேர்த்துக் கெடுக்கிறது. ஆகவே பழுது வருமுன் செய்யும் தடுப்புப் பராமரிப்பு, பெட்டியின் முதல் திருகைக் கழற்றுமுன்பே முடிந்திருக்க வேண்டும்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதி விசைத்தறிக் கூடங்களில் பறக்கும் பஞ்சுத் தூசு மீட்டரின் சுழல் சுவிட்சுக்குள் படிந்து, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத்தை உறிஞ்சும்போது, தகடுகளுக்கிடையே நுண்ணிய மின்கசிவு ஏற்பட்டு, மெகா ஓம் அளவுகள் குறைந்து தெரியும். புரட்டாசி முடியுமுன் பேட்டரியைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, மென்தூரிகையால் தூசு நீக்கி, தகடுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பது நலம்.

டிஜிட்டல் மீட்டரின் 9 வோல்ட் பேட்டரி மிகவும் இறங்கிவிட்டால், உள்ளே ஒப்பீட்டுக்கென உள்ள நிலையான வோல்ட்டும் சரிந்து, அளவு கூடுதலாகத் தெரியும். 1 சதவீதத் துல்லியமுள்ள 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றையும் புதிய 1.5 வோல்ட் செல் ஒன்றையும் பையில் வைத்துக் காலையில் அளந்து பார்ப்பவர் ஏமாறுவதில்லை. புரோப் முனைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, வயரைப் புரோப்பின் கழுத்தருகே வளைக்கும்போது ஓம் எண் தாவினால், உறைக்குள் செம்பு இழை அறுந்துவருகிறது என்று பொருள்.

நாமக்கல்லின் லாரி பட்டறைகளுக்கு வண்டியில் எடுத்துச்செல்லும் முள் மீட்டரை ஆஃப் நிலையிலும், அந்நிலை இல்லாதபோது மிக உயர்ந்த டி.சி. மின்னோட்ட நிலையிலும் வைக்க வேண்டும். அப்போது சுருளின் இரு முனைகளும் குறைந்த தடை வழியே இணைந்திருப்பதால், குலுக்கலில் சுருள் அசையும்போது தோன்றும் மின்னோட்டமே அந்த அசைவைத் தடுத்து முள்ளைக் காக்கும்.

மீடியம் வேவ் ரேடியோவின் இடைநிலை அலைவெண், அதாவது வரும் நிலையம் எதுவாயினும் உள்ளே மாற்றப்படும் பொது அலைவெண், பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ் ஆகும். அதை அமைக்க உதவும் சிக்னல் ஜெனரேட்டரின் டயல் பிசகியிருந்தால் பெட்டி முழுவதும் பிசகும். இதைச் சரிபார்க்கத் திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் அலையே போதும். நல்ல ரேடியோவில் திருச்சியை வைத்து, பண்பேற்றத்தை நிறுத்திய ஜெனரேட்டரின் வயரை அருகில் கொண்டுவந்து, டயலை 468-ஐ ஒட்டி மெல்லத் திருப்பினால், அதன் இருமடங்கு அலை நிலையத்தோடு மோதி விசில் எழும். அது தாழ்ந்து அடங்கும் புள்ளிதான் உண்மையான 468. டயல் அங்கே 471 காட்டினால், அந்த 3 கிலோஹெர்ட்ஸ் வேறுபாட்டைத் தேதியுடன் சீட்டில் எழுதிக் கருவியின் முகப்பிலேயே ஒட்ட வேண்டும். அடுத்த முறை அந்த எண் வளர்ந்திருந்தால், கருவியைத் திறக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

அன்புடன்,
மாமா