பாலும் ஹாலும்

கேள்வி: மைசூருக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். இங்கே பாலை 'ஹாலு' என்றும் பல்லை 'ஹல்லு' என்றும் சொல்லுகிறார்கள். நம் சொற்கள் சிதைந்துதான் இப்படி ஆயினவா? கன்னடம் பழகச் சுலப வழி உண்டா?

பதில்: சிதைவு என்று உரக்கச் சொல்லிவிடாதீர்கள், பக்கத்து வீட்டார் காதில் விழுந்தால் ஹாலும் கிடைக்காது. கன்னடக் கவி பம்பன் காவியம் செய்த 10-ஆம் நூற்றாண்டில் கன்னடரும் நம்மைப் போலவே பகரத்தைக் கொண்டுதான் இச்சொற்களைத் தொடங்கினார்கள். இதழ்கள் இரண்டும் கூடிப் பிறக்க வேண்டிய அந்த ஒலி, பின்வந்த நூற்றாண்டுகளில் இதழ்களின் பிடி தளரத் தளர, வெறும் மூச்சாக நின்றுவிட்டது. ஜப்பானிய பாஷையிலும், நம்மோடு யாதொரு சம்பந்தமும் இல்லாமலே, இதே விகாரம் நிகழ்ந்திருக்கிறது.

ஆகையால், சொல்லின் முதலில் ஹகரம் கேட்கும்போதெல்லாம் மனத்துக்குள் பகரத்தை வைத்துப் பாருங்கள்: ஹுலி புலியாகும், ஹத்து பத்தாகும், ஹந்தி பன்றியாகும், ஹாவு பாம்பாகும். உப்பு, தப்பு போன்றவற்றில் இரட்டித்த பகரத்துக்கு ஆபத்தில்லை. சம்ஸ்கிருதத்திலிருந்து வந்த 'புஸ்தக', 'பூஜெ' முதலியவையும் பகரத்தோடேயே வழங்குகின்றன.

சிதைவென்றே வழக்காடுவீர்களானால், நம் பக்கமும் சுத்தமில்லை. கன்னடர் காதைக் 'கிவி' என்றும் சிவப்பைக் 'கெம்பு' என்றும் சொல்ல, இகர எகரங்களுக்கு முன் நின்ற பழைய ககரத்தைச் சகரமாக்கிச் 'செவி' என்றும் 'செம்மை' என்றும் மாற்றிக்கொண்டவர்கள் நாம்தான்.