இயந்திரக் கற்றல்: காலாவதியான தரவுகளை அழித்தல்

மாணவர்களே, தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் வேளையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரின் நிறையும் பதியப்படுகின்றது. ஒரு நாளின் நிறை வழமைக்கு மாறாக இருந்தால், பழகிய கணக்கப்பிள்ளை அதனை உடனே கண்டுகொள்வார். பழைய பதிவுகளிலிருந்து கணினியும் இவ்வாறு வழமையைக் கற்றுக்கொள்வது இயந்திரக் கற்றல் எனப்படும். 2010 இல் வெளியான எலாஸ்ரிக்சேர்ச் என்னும் மென்பொருளில் இவ்வசதி 2017 இல் சேர்க்கப்பட்டது.

1. தரவு வகைகள்

ஹற்றனிலுள்ள ஒரு தோட்டம் தனது நிறைப் பதிவுகளை இம்மென்பொருளில் இடுவதாகக் கருதுக. அங்கு பின்வருவன சேரும்.

(அ) மூலத் தரவு: நாளாந்த நிறைப் பதிவு.
(ஆ) மாதிரிப் பிரதி: கணினி அதுவரை கற்றதன் சேமித்த வடிவம்.
(இ) பெறுபேறு: எந்த நாள் வழமைக்கு மாறானது என்னும் முடிவு.
(ஈ) எதிர்வுகூறல்: வரும் நாட்களுக்கான மதிப்பீடு.

இவற்றுள் (ஆ), (இ), (ஈ) ஆகியன கணினி தானே உருவாக்கியவை. இவை பெருகினால் சேமிப்பிடம் நிரம்பும்.

2. காலாவதி எல்லை

நாம் வேறாகக் குறிப்பிடாவிடின் மாதிரிப் பிரதிக்கு 10 நாட்கள், எதிர்வுகூறலுக்கு 14 நாட்கள். பெறுபேற்றுக்கு எல்லை இல்லை. நாமே எல்லை இட்டாலன்றி அது அழியாது.

கவனிக்க: மாதிரிப் பிரதியின் வயது இன்றைய திகதியிலிருந்து கணிக்கப்படுவதில்லை. மிகப் புதிய பிரதியின் திகதியிலிருந்தே கணிக்கப்படும்.

உதாரணம்: மிகப் புதிய பிரதி யூன் 30. யூன் 18 இன் பிரதிக்கு வயது 12 நாட்கள், அது காலாவதியானது. யூன் 25 இன் பிரதிக்கு வயது 5 நாட்கள். அதன் பின் புதிய பிரதி எதுவும் உருவாகாவிடின், யூலை 31 இலும் அதன் வயது 5 நாட்களே.

3. அழிக்கும் முறை

பைதன் போன்ற மொழியில் எழுதிய செய்நிரல், சேவையகத்துக்கு "காலாவதியானவற்றை அழி" என்னும் ஒரு கோரிக்கையை அனுப்பும். பணியின் பெயரைக் குறிப்பிட்டால் அப்பணிக்குரியவை மட்டும் அழியும்; குறிப்பிடாவிடின் எல்லாப் பணிகளுக்கும் உரியவை அழியும். வேலை முழுமையாக முடிந்தால் "உண்மை" எனப் பதில் வரும். பயன்பாட்டிலுள்ள மாதிரிப் பிரதி அழிக்கப்படாது.

4. மாணவர் விடும் தவறு

"பழையது எல்லாம் அழியும்" என எழுதுவது பிழை. இக்கோரிக்கை மூலத் தரவைத் தொடாது. தாமாகச் செய்நிரல் எழுதுவோரும் அதனைத் தொடலாகாது. கணினி கற்றது அழிந்தால் மூலப் பதிவிலிருந்து மீண்டும் கற்பிக்கலாம். மூலப் பதிவு அழிந்தால் அதனை எங்கிருந்து பெறுவது?

ஊழியர் சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. தொழிலாளி 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் செலுத்த வேண்டும். பல ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒருவர் ஓய்வுபெறும்போது கணக்கில் குறை கண்டால், அவருக்குப் பேர் போட்ட நாட்களின் பதிவே சான்றாகும். உங்கள் தாயின் பதிவாகவும் அது இருக்கலாம்.

5. மாதிரி வினா

வினா: ஓராண்டாகக் காலாவதித் தரவு அழிக்கும் கோரிக்கை ஒழுங்காக அனுப்பப்பட்டும் பெறுபேறுகள் குறையவில்லை. காரணம் யாது?

விடை: பெறுபேற்றுக்குக் காலாவதி எல்லை குறிப்பிடப்படவில்லை. எனவே அவை காலாவதியானவையாகக் கருதப்படா.