பள்ளிப் பல்லியம்

இயம் என்பது இசைக்கருவியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். பல இயங்கள் கூடி ஒருங்கே ஒலிப்பதைப் பல்லியம் என்று பண்டையோர் வழங்கினர். நெடும்பல்லியத்தனார் எனப் பெயர் பூண்ட புலவர் ஒருவரும் சங்க காலத்தில் விளங்கினார். இந்நாளில் உயர்நிலைப் பள்ளிகளில் 'பேண்டு' என வழங்கும் இசையணியின் கருவிகளும் நடைமுறையும் ஐரோப்பியப் படையணிகளினின்று வந்தவை. ஆயினும், பலர் கூடி ஒன்றாய் இசைத்தல் தமிழர்க்குப் புதியதன்று.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல் முதலியவற்றைப் பைகளில் இட்டுச் சுமந்து செல்லும் கூத்தரைக் காட்டுகின்றது. பலாமரத்தில் குலைகுலையாய்த் தொங்கும் காய்களைப் போல அப்பைகள் தோன்றினவாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையோ, மாதவியின் ஆடலுக்கு இசைத்த கருவிகள், முன்னதற்குப் பின்னது இயைந்து நிற்குமாறு ஒலித்த முறையை எடுத்துரைக்கின்றது. கருவி பலவாயினும் இசை ஒன்றாதல் வேண்டும் என்பதே அம்முறையின் உட்கருத்து.

மேலைநாட்டு இசையணி தமிழகத்திற்கு வந்தபோது கலைவல்லோர் அதனை வெறுத்து ஒதுக்கினாரல்லர். 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோசி மன்னர் தம் அரண்மனையில் அத்தகைய இசையணி ஒன்றை அமைத்தார். சென்னைக் கோட்டையின் படையணிகள் இசைத்த மெட்டுகளைக் கேட்ட முத்துசாமி தீட்சிதர், அவற்றிற்கு வடமொழியில் பாடல்கள் இயற்றினார். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் மேலைநாட்டு வயலினைக் கற்று, நம் நாட்டு இசைக்கு அதனைப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவரானார். பின்னர் எட்டயபுரத்து அவையில் இசைவாணராய் அமர்ந்தார். நல்லது எத்திசையினின்று வரினும் ஏற்பது அறிவுடையார் இயல்பு.

பள்ளி இசையணி மாணவர்க்கு என்ன பயன் தருகின்றது? கூடங்குளம், நெல்லை மாவட்டத்தின் தென்கோடியில் கடலும் பனையும் காற்றாலைகளும் சூழ விளங்கும் ஊர். அத்தகைய கடற்கரையூர் ஒன்றின் பள்ளித் திடலில், விடுதலை நாள் காலையில் இசையணி நடந்து வருவதாகக் கொள்க. முன்னே கைக்கோல் ஏந்திய அணித்தலைவன், அவன் பின்னே குழலும் ஊதுகொம்பும், அடுத்துச் சிறுமுரசுகள், நடுவே பெருமுரசு, ஓரத்தில் பெருந்தாளமும் முக்கோணக் கம்பியும். நிமிடத்திற்கு 120 அடி என்னும் அளவில் அனைவரும் நடக்கின்றனர். ஓர் அடிக்கும் மற்றோர் அடிக்கும் இடையே உள்ள காலம் அரை நொடியே.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் தொலைவு செல்லும். ஆதலின் 34 மீட்டர் தொலைவில் நிற்பவன் முரசொலியை நொடியில் பத்தில் ஒரு பங்கு தாழ்த்தே கேட்பான். அவன் செவியை மட்டும் நம்பி இசைப்பானாயின் அணியின் தாளம் சிதறும். கடற்காற்று வீசும் திடலில் ஒலி ஒருபுறம் ஓங்கியும் மறுபுறம் மங்கியும் கேட்குமாதலின் இடர் இன்னும் மிகும். ஆகவே ஒவ்வொருவனும் தலைவனின் கைக்கோலைக் கண்ணால் நோக்கி, அருகில் நிற்பவனின் ஒலியைச் செவியால் ஓர்ந்து, தன் காலடியை உள்ளத்தால் எண்ணுதல் வேண்டும். கண்ணும் செவியும் கையும் காலும் ஒரு நினைவில் நிற்கும் இப்பயிற்சியே இசையணி தரும் முதற்பயன்.

இரண்டாம் பயன் அடக்கம். பெருந்தாளம் ஏந்திய சிறுவன் பல அடிகள் வாளா நடந்து, உரிய இடத்தில் ஒரே ஒருமுறை தட்டுகின்றான். அவன் ஓர் அடி முந்தினாலும் பிந்தினாலும் அணி முழுவதும் பிழைபட்டதாகும். ஒலிக்க வேண்டிய இடத்தில் ஒலித்தல் போலவே, ஓய்ந்திருக்க வேண்டிய இடத்தில் ஓய்ந்திருத்தலும் இசையே. பேசுவதற்கு முந்துவோர் மிக்க உலகில், காத்திருக்கக் கற்றவன் பெரிதும் கற்றவனாவான்.

இவ்வுண்மையைத் தாமிரபரணிக் கரைநாடு நன்கு அறியும். கோயில் விழாக்களில் முழங்கும் பெரிய மேளத்தில் நாதசுரமும் தவிலும் புகழ் பெறும். ஒத்து என்னும் கருவியோ, ஒரே சுருதியை இடையறாது ஒலித்துக்கொண்டிருக்கும். அதனை ஊதுபவரின் பெயரை அறிந்தோர் சிலரே. எனினும் அச்சுருதி தளருமாயின் நாதசுரம் நிற்க நிலம் இராது. இந்நாளில் சுருதிப்பெட்டி பெரும்பாலும் அதன் இடத்தைப் பெற்றுவிட்டது. சேரன்மாதேவிக்கு அருகிலுள்ள காருகுறிச்சியில் 1921ஆம் ஆண்டு பிறந்த அருணாசலம், நாதசுரப் பேரரசராகிய திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையிடம் பயின்று, அவருடன் இணைந்து வாசிப்பவராக அமர்ந்தார். பிறர் வாசிப்பைக் கூர்ந்து கேட்டுத் தொடர்ந்த அவரே பின்னர் நாடு போற்றும் தலைமைக் கலைஞரானார். 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில் ஒலித்த அவருடைய நாதசுரம் தமிழகமெங்கும் புகழ் பெற்றது. பின்நின்று கேட்கக் கற்றவரே முன்நின்று நடத்தத் தகுதியுடையவர்.

மூன்றாம் பயன் எல்லாவற்றினும் பெரிது. தோற்கருவியைத் தொடுவோர் இன்னார், துளைக்கருவியை ஊதுவோர் இன்னார், இருந்து கேட்போர் இன்னார் என்று நெடுங்காலம் பிறப்பினால் வரம்பு வகுத்திருந்தனர். பறையின் முழக்கத்தை விழாவிற்கு வேண்டியவர்களே, அதனை முழக்கிய கலைஞரை வாயிலுக்கு வெளியே நிறுத்தினர். அவ்விழுக்கு இசைக்கு உரியதன்று; இழைத்த மாந்தர்க்கே உரியது. பள்ளி இசையணியில் முரசைப் பெறுவதற்கு வேண்டுவது தாளம் தவறாத கை ஒன்றே. கருவிகள் பள்ளிக்கு உரியவை ஆதலின், மீனவர் மகனும் பனைத்தொழிலாளி மகளும் வணிகர் மகனும் அவற்றை ஒப்ப எடுத்து இசைக்கலாம். முரசு யாருடையது என்று கேட்பார் அங்கு இலர்.

"இசையணியில் சேர்ந்தால் படிப்புக் கெடும்" என்று பெற்றோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் முற்றும் பொருளற்றதன்று; பயிற்சிக்குக் காலம் வேண்டும். இசையணியில் சேர்ந்தவர் யாவரும் மதிப்பெண் மிகப் பெறுவர் என்று கூறுதலும் மிகையாகும். ஆனால், வைகறையில் எழுந்து, குறித்த பொழுதில் திடலை அடைந்து, பிழைத்த ஒரு பகுதியை இருபது முறை திருப்பி இசைத்துத் திருத்திக்கொள்ளும் பழக்கம், கணக்கிற்கும் இலக்கணத்திற்கும் பயன்படாமற் போகாது. தென்னமெரிக்காவில் வெனிசுவேலா நாட்டில் ஓசே அந்தோனியோ அபிரேயு என்பார் 1975ஆம் ஆண்டு இளைஞர் சிலரைக் கூட்டி இசைக்குழு ஒன்றைத் தொடங்கினார். அது நாடெங்கும் பரவி, ஏழைச் சிறார் பல்லாயிரவர்க்குக் கருவியும் ஆசிரியரும் கிடைக்க வழிசெய்தது. கூடி இசைக்கும் குழந்தைகள் கூடி வாழவும் கற்பர் என்பதே அவர் கொண்ட நம்பிக்கை.

கொடியேற்றம் முடிந்தபின் இசையணி கலைகின்றது. கருவிகளைத் துடைத்து உறையிலிட்டு அறையில் வைத்துவிட்டு மாணவர்கள் வீடு திரும்புகின்றனர். அவருள் பலர் பிற்காலத்தில் முரசைத் தொடாமலே இருத்தல் கூடும். ஆயினும் கடலில் வலை இழுக்கும்போதும், ஆலையில் பணிபுரியும்போதும், ஊர்ப்பொதுவில் கூடும்போதும், அயலவனின் அடியோசையை ஓர்ந்து தம் அடியை வைக்கும் பழக்கம் அவரோடு இருக்கும். அதுவே பல்லியம் அவர்க்கு அளிக்கும் நிலைத்த செல்வம்.

வினாக்கள்

1. மலைபடுகடாம் கூத்தரின் கருவிகளை எவ்வாறு காட்டுகின்றது?
2. திறந்த திடலில் செவியை மட்டும் நம்பி இசைத்தல் ஏன் தவறாகும்?
3. பெரிய மேளத்தில் ஒத்து பெறும் இடத்தை விளக்குக.
4. பள்ளி இசையணியில் முரசைப் பெறுவதற்கு வேண்டுவது யாது? அதன் சிறப்பினை எழுதுக.