இணைந்து ஓடிய இருவர்

ஆண்டுதோறும் பள்ளியில் நடைபெறும் விளையாட்டு விழாவை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவ்விழாவில் தடை ஓட்டம் என்பது ஒரு போட்டி. ஓடும் வழியில் ஓரிடத்தே கயிற்று வலை விரிக்கப்பட்டிருக்கும். அதனடியில் நுழைந்து செல்ல வேண்டும். பிறிதோரிடத்தே மரச்சட்டம் குறுக்கே நிற்கும். அதனைத் தாண்ட வேண்டும். மற்றோரிடத்தே சாக்கினுள் கால்களை நுழைத்துக்கொண்டு தத்திச் செல்ல வேண்டும். இவற்றையெல்லாம் கடந்து எல்லைக் கோட்டை முதலில் அடைபவனே வென்றவன்.

மூன்றுகால் ஓட்டம் என்பது மற்றொரு போட்டி. இருவர் அருகருகே நின்று, ஒருவனுடைய வலக்காலையும் மற்றவனுடைய இடக்காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடவேண்டும். தனித்து ஓடுங்கால் விரைந்தோடும் ஆற்றலுடைய இருவர் இவ்வோட்டத்தில் இடறி வீழ்வதும், அத்துணை விரைவில்லாத இருவர் ஒத்த அடி வைத்து வெல்வதும் நாம் கண்கூடாகக் காண்பன. தன் கால் வலிமையை மட்டும் நம்புவோன் இங்கே வெல்ல இயலாது; உடன் வருவோன் அடியையும் நோக்க வேண்டும்.

இல்வாழ்க்கை இவ்விரண்டு ஓட்டங்களும் கலந்த ஒன்று எனலாம். வழியெங்கும் தடைகள் உள்ளன. அவற்றைப் பிணைந்த கால்களோடு கடத்தல் வேண்டும். இவ்வுண்மையை விளையாட்டரங்கிலும் வீட்டிலும் ஒருங்கே வாழ்ந்து காட்டிய கணவன் மனைவியர் இருவர் ஐரோப்பாக் கண்டத்தில் இருந்தனர். கணவர் பெயர் எமில் சாட்டோபெக்; மனைவியார் பெயர் டானா. அவர்கள் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

செக்கோசுலோவாக்கியா என்பது ஐரோப்பாவின் நடுவே இருந்த நாடு. 1993-ஆம் ஆண்டில் அது செக் குடியரசு என்றும் சுலோவாக்கியா என்றும் இரு நாடுகளாகப் பிரிந்தது. அந்நாட்டிலே எமில் பிறந்த நாள் 1922-ஆம் ஆண்டு செப்டம்பர் 19. வியப்பு யாதெனில், டானா பிறந்த நாளும் அதுவே. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு குடும்பங்களில் ஒரே நாளில் தோன்றிய இருவரைக் காலம் பின்னர் ஒன்று சேர்த்தது.

எமிலின் தந்தையார் ஒரு தச்சர். குடும்பம் எளியது, மக்களோ பலர். ஆகவே எமில் பதினாறாம் அகவையிலேயே சிலின் என்னும் நகரிலிருந்த பாட்டா காலணித் தொழிற்சாலையில் பணிக்குச் சேர்ந்தார். அந்நாளில் ஓட்டத்தில் அவருக்கு விருப்பம் சிறிதும் இல்லை. 1941-ஆம் ஆண்டில் தொழிற்சாலையின் விளையாட்டுப் பயிற்றுநர் இளைஞர் சிலரை ஓட்டப் பந்தயத்திற்குத் தேர்ந்தெடுத்தார். அவருள் எமிலும் ஒருவர். தமக்கு உடல்வலிமை போதாது என்று கூறி அவர் ஒதுங்க முயன்றார். மருத்துவரோ சோதித்துப் பார்த்து, உடலில் குறையொன்றும் இல்லை என்று கூறிவிட்டார். வேறு வழியின்றி ஓடினார் எமில். நூற்றுவர் ஓடிய அப்பந்தயத்தில் இரண்டாமவராக வந்தார்! தம்முள் ஓர் ஆற்றல் உறங்கிக் கிடந்ததை அன்றுதான் அவர் அறிந்தார். தயக்கம் என்பதே அவர் தாண்டிய முதல் தடை.

டானா இளமையில் கைப்பந்தாட்டத்தில் சிறந்து விளங்கியவர். பின்னர் ஈட்டி எறிதலைப் பயின்றார். விளையாட்டினால் இருவரும் அறிமுகமாயினர். பழக்கம் அன்பாக மலர்ந்தது. 1948-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் இருவரும் கலந்துகொண்டனர். எமில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் பொற்பதக்கமும், 5,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். டானாவுக்கு ஈட்டி எறிதலில் ஏழாம் இடமே கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 24-ஆம் நாள் இருவருக்கும் திருமணம் நடந்தது.

மணம் முடிந்தபின் அவ்வில்லமே ஒரு பயிற்சிக்களம் ஆயிற்று. எமிலின் பயிற்சி முறை அக்காலத்தார் கண்டறியாதது. 400 மீட்டர்த் தொலைவை விரைந்து ஓடுவார். சிறிது நேரம் மெல்ல ஓடி இளைப்பாறுவார். மீண்டும் விரைந்து ஓடுவார். இவ்வாறு ஒரே நாளில் இருபது முறை ஓடுதல் அவருக்கு வழக்கமாயிற்று. பிற்காலத்தில் அவ்வெண்ணிக்கை பன்மடங்கு பெருகிற்று. படைப்பணியில் இருந்தமையால், கனத்த படைவீரர் காலணிகளை அணிந்தவாறே காட்டு வழிகளிலும் உறைபனியிலும் ஓடுவார். கரடுமுரடான அத்தகைய நிலத்தில் ஓடிப் பழகியவருக்குச் சமனான பந்தயத் தடம் எளிதாயிற்று. பாரம் தாங்கி ஓடுவதற்கு வேறு பொருளைத் தேடவில்லை. மனைவியாரையே தோளில் சுமந்து ஓடினார்!

வீட்டு வேலையையும் அவர் பயிற்சியாக்கிக்கொண்டார். அழுக்குத் துணிகளைக் குளிக்கும் தொட்டியில் இட்டு, நீரும் சவர்க்காரமும் சேர்த்து, அவற்றின் மேல் ஏறி நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடுவாராம். துணியும் வெளுத்தது, காலும் உரம் பெற்றது. 'இது மகளிர் வேலை. ஆடவர் செய்யத் தகாது' என்று அவர் எண்ணினாரில்லை. ஒருவர் வேலையை மற்றவர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில்தான் இருவருக்கும் பயிற்சி செய்ய நேரம் கிடைக்கும். துணி துவைத்த அத்தொட்டியும் டானாவின் வெற்றிக்கு ஒரு படி ஆயிற்று என்று கூறினால் அது மிகையாகாது.

1952-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் போட்டி நடைபெற இருந்தது. புறப்படும் வேளையில் எதிர்பாராத தடையொன்று குறுக்கிட்டது. எமிலின் தோழர் ஸ்டானிஸ்லாவ் யுங்விர்த் என்பவர் ஓட்ட வீரர். அவருடைய தந்தையார் அரசியல் காரணத்தால் சிறையில் இருந்தார். அதனால் மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசினர் மறுத்துவிட்டனர். தந்தை சிறைப்பட்டதற்காக மைந்தனை ஒறுத்தல் முறையோ? எமில் நெஞ்சம் அதனைப் பொறுக்கவில்லை. 'யுங்விர்த் செல்லவில்லையெனின் யானும் செல்லேன்' என்னும் உறுதியோடு வானூர்தியில் ஏறாது நின்றுவிட்டார். கடுமையான ஆட்சி நிலவிய காலம் அது. எமில் இழக்கத் துணிந்தது பதக்கத்தை மட்டும் அன்று. தம் பணியையும் உரிமையையும் கூட அவர் இழக்க நேரலாம். டானாவோ முன்னரே ஹெல்சிங்கிக்குப் புறப்பட்டுவிட்டார். கணவருக்கு யாது நேருமோ என்ற கவலையோடு அயல்நாட்டில் அவர் காத்திருந்தார். இறுதியில் அரசினர் இணங்கினர். தோழர் இருவரும் ஒருங்கே வந்து சேர்ந்தனர்.

சூலை 20-ஆம் நாள் 10,000 மீட்டர் ஓட்டத்தை 29 நிமிடம் 17 வினாடியில் ஓடி எமில் வென்றார். 24-ஆம் நாள் 5,000 மீட்டர் ஓட்டம் நடந்தது. இறுதிச் சுற்றில் மூவர் அவரை முந்திவிட்டனர். காண்போர், 'எமில் தோற்றார்' என்றே எண்ணினர். ஆயின், கடைசி வளைவில் முகம் சுளிக்க, தலை ஒருபால் சாய, உள்ள வலிமையெல்லாம் திரட்டி அம்மூவரையும் கடந்து முதல்வரானார். ஓடும்போது அவர் முகத்தில் துன்பக் குறி தோன்றும். அழகாக ஓடுவதற்கு மதிப்பெண் இல்லையே என்பது அவர் கருத்து.

அன்றே மகளிர் ஈட்டி எறிதலும் நடந்தது. கணவர் வென்ற பொற்பதக்கத்தை டானா வாங்கித் தம் பையில் வைத்துக்கொண்டு களம் புகுந்தார். முதல் வீச்சிலேயே ஈட்டி 50.47 மீட்டர்த் தொலைவு பாய்ந்தது! அதனை மிஞ்சி எறிந்தவர் எவரும் இலர். ஒரே நாளில், சிறிது நேர இடைவெளியில், ஒரே வீட்டிற்கு இரண்டு பொற்பதக்கங்கள் கிடைத்தன. இலண்டனில் ஏழாம் இடத்தில் நின்றவர், நான்கு ஆண்டுகள் தளராது உழைத்து முதலிடம் பெற்றார் என்பதை மாணவர்கள் கருத்தில் இருத்துக.

தம் வெற்றியே மனைவிக்கு ஊக்கம் அளித்தது என்று எமில் வேடிக்கையாகக் கூறினார். டானா சும்மா இருப்பாரா? அங்ஙனமாயின் வேறொரு பெண்ணுக்கு ஊக்கமளித்து அவள் ஐம்பது மீட்டர் எறிகின்றாளா என்று பார்க்கலாமே என மறுமொழி கூறினார்! குடும்பப் போட்டியில் தமக்கு இரண்டும் மனைவிக்கு ஒன்றும் என்னும் நிலை தம் பெருமைக்குப் போதாது எனக் கூறி, எமில் மராத்தான் ஓட்டத்திலும் கலந்துகொண்டார். நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்நெடும் ஓட்டத்தை அவர் அதற்கு முன் ஒருமுறையேனும் ஓடியதில்லை. 27-ஆம் நாள் நடந்த அவ்வோட்டத்தை 2 மணி 23 நிமிடம் 3 வினாடியில் முடித்து, அதிலும் வென்றார். ஒரே ஒலிம்பிக் போட்டியில் இம்மூன்று ஓட்டங்களையும் வென்றவர் அவரையன்றி வேறு எவரும் இலர்.

வெற்றி என்றும் நிலைத்து நிற்பதன்று. 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டிக்குச் சில வாரங்கள் முன்னர் எமிலுக்குக் குடலிறக்க நோய்க்காக அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. உடல் முற்றும் தேறாத நிலையிலேயே அவர் மராத்தான் ஓடி ஆறாமவராக வந்தார். வென்றவர் அலன் மிமூன் என்னும் பிரெஞ்சு வீரர். எமிலிடம் பலமுறை தோற்றவர். அவர் எல்லைக் கோட்டருகே எமிலுக்காகக் காத்து நின்றார். தளர்ந்து வந்த எமில், மிமூன் வென்றதை அறிந்து, அவரை வணங்கி மார்போடு தழுவிக்கொண்டார். பிறர் வெற்றியில் மகிழ அறிந்தவருக்குத் தோல்வி இல்லை.

எமில் பந்தயங்களினின்று ஓய்வு பெற்ற 1958-ஆம் ஆண்டிலே, டானா 55.73 மீட்டர் எறிந்து உலகச் சாதனை படைத்தார். அப்போது அவருக்கு அகவை முப்பத்தைந்து. 1960-ஆம் ஆண்டு உரோமில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். கணவர் முன்னே ஓடிய காலமும் உண்டு. மனைவியார் முன்னே சென்ற காலமும் உண்டு. ஒருவர் புகழ் மற்றவருக்குப் பொறாமை தரவில்லை. இவர்களுக்குப் பிள்ளைச் செல்வம் வாய்க்கவில்லை. ஆயினும் டானா பயிற்றுநராகி இளைய வீராங்கனையரை வழிநடத்தினார்.

இனி எமிலின் ஈகையைக் காண்போம். ரான் கிளார்க் என்பவர் ஆஸ்திரேலிய நாட்டு ஓட்ட வீரர். உலகச் சாதனைகள் பல படைத்தும் ஒலிம்பிக் பொற்பதக்கம் அவருக்குக் கிட்டவில்லை. 1966-ஆம் ஆண்டில் அவர் எமிலின் விருந்தினராகப் பிராக் நகருக்கு வந்தார். விடைபெறும்போது எமில் சிறு பொதியொன்றை அவர் கையில் வைத்தார். பின்னர்ப் பிரித்துப் பார்த்த கிளார்க்கின் கண்கள் கலங்கின. 1952-இல் 10,000 மீட்டர் ஓட்டத்தில் எமில் வென்ற பொற்பதக்கமே அதனுள் இருந்தது! வியர்வை சிந்தி ஈட்டிய பொருளைத் தகுதியுடைய மற்றொருவருக்கு ஈந்த அவ்வுள்ளம் பொன்னினும் உயர்ந்ததன்றோ?

எல்லாத் தடைகளினும் கொடிய தடை இனிமேல்தான் வந்தது. 1968-ஆம் ஆண்டில் செக்கோசுலோவாக்கியாவில் உரிமை இயக்கம் ஒன்று எழுந்தது. எமில் அதனை வெளிப்படையாக ஆதரித்தார். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் சோவியத்து நாடும் அதன் தோழமை நாடுகளும் படையனுப்பி அவ்வியக்கத்தை அடக்கின. படைகள் நகரில் நின்றபோதும் எமில் மக்கள் நடுவே நின்று அச்செயலைக் கண்டித்துப் பேசினார். அதன் பயனாகக் கட்சியினின்றும் படைப்பணியினின்றும் நீக்கப்பட்டார். உலகம் போற்றிய வீரர், நிலத்தைத் துளையிடும் தொழிலாளர் கூட்டத்தில் ஒருவராகி, இல்லத்தைவிட்டு நெடுந்தொலைவில் வண்டிக் கூடாரத்தில் தங்கி வேலை செய்யலானார். இடையிடையேதான் மனைவியாரைக் காண முடிந்தது. அழுத்தம் மிகவே, தாம் முன்னர்க் கூறியவற்றைத் திரும்பப் பெறும் நிலையும் அவருக்கு நேர்ந்தது. நெஞ்சுரம் மிக்கவரும் ஒருகால் தளர்வர். அதனை மறைத்தல் வரலாறு ஆகாது. அத்தளர்ச்சியிலும் டானா அவரைக் கைவிடவில்லை. புகழ் வந்த நாளில் அருகிருப்போர் பலர்; அது போன நாளிலும் அருகிருப்பதே துணைமை. 1990-ஆம் ஆண்டில், ஆட்சி மாறிய பின்னர், எமில் இழந்த மதிப்பு அவருக்கு மீண்டும் அளிக்கப்பெற்றது.

எமில் 2000-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மறைந்தார். டானா அவருக்குப் பின் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தம் தொண்ணூற்றேழாம் அகவையில் மறைந்தார்.

மாணவர்களே, நும் வீட்டில் பொற்பதக்கம் இல்லாதிருக்கலாம். ஆயினும் தந்தையும் தாயும் உடன்பிறந்தாரும் மாலையில் சிறிது நேரம் சேர்ந்து ஓடி விளையாட இயலும். வீட்டு வேலையை அனைவரும் பகிர்ந்து செய்ய இயலும். ஒருவர் வெற்றியை எல்லாரும் கொண்டாடவும், ஒருவர் இடறினால் மற்றவர் தாங்கவும் இயலும். மூன்றுகால் ஓட்டத்தில் துணைவன் இடறும்போது கயிற்றை அறுத்துக்கொண்டு தனித்து ஓடுபவன் எல்லையை அடையினும் வென்றவன் ஆகான். நின்று, அவனைத் தூக்கி, ஒத்த அடி வைத்து மீண்டும் ஓடுபவனே உண்மை வீரன். எமில், டானா ஆகிய இருவர் வாழ்வும் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.